அழுத்திப் பார்த்த உத்திரம்

ஹார்லன் ஃபோர்க்கில் மனிதர்களைவிடக் கோழிகள் உறுதியான வீட்டில் வாழ்கின்றன. ஊரில் எந்தக் கோழிக்கூட்டின் அடியில் குனிந்து பார்த்தாலும் எங்கள் மில்லில் செய்த உத்திரத்தின் பாதி ஒன்று கூட்டைத் தாங்கிக்கொண்டிருக்கும். மேலே ஒரு மரச்சட்டம், கீழே ஒரு மரச்சட்டம், நடுவே செங்குத்தாக ஒரு மரச்சீவல் பலகை, மூன்றையும் பிடித்திருக்கும் பசை. அவ்வளவுதான் எங்கள் உத்திரம். ஒரு முனை மில்லில் வெட்டிய நேர்முனையாக இருக்கும். மறுமுனை மோட்டார் ரம்பம் கடித்ததுபோல் பிசிறடித்துக் கிடக்கும். மில்லின் தர முத்திரை இருந்த இடத்தில் சிவப்புச் சாயம்.

அந்தப் பாதிகளை ஊருக்குக் கொடுத்தவர் டெல்மர் ஹாக்லண்ட். கொடுத்தார் என்பது கொஞ்சம் அதிகம். அவர் அறுத்து வெளியே போட்டார், ஊர் எடுத்துக்கொண்டது.

டெல்மருக்குப் பத்து விரலும் முழுதாக இருந்தன. மரவேலை ஊரில் அறுபதை நெருங்கும் ஒருவருக்கு இது பெருமை இல்லை. நிஜமான வேலை எதையும் தொடாதவர் என்று அர்த்தம். உயரமானவர், கொஞ்சம் முன்பக்கம் சாய்ந்து நடப்பார், பேசும்போது எதிரில் இருப்பவரைப் பார்க்காமல் அவர் நிற்கிற தரையைப் பார்ப்பார். மில்லின் சோதனைக்கூடம் அவர் பொறுப்பில் இருந்தது. கொதிகலனுக்குப் பின்னால் இருக்கும் தகரக் கொட்டகைதான் அது. நான் வேலைக்குச் சேர்ந்ததும் அங்கேதான்.

ஒவ்வொரு ஷிப்டிலும் வரிசையில் வரும் உத்திரங்களில் சிலவற்றை அவர் இழுத்துக்கொண்டு வருவார். இரண்டு முனையையும் தாங்கிகள்மேல் வைத்து, மேலேயிருந்து எண்ணெய் அழுத்தப் பொறியால் அமுக்குவார். சிலவற்றை உடையும்வரை அமுக்குவது வழக்கம். மற்றவற்றை, எந்த வீட்டுத் தரையும் எந்தக் காலத்திலும் சுமக்கப்போகிற சுமையைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் ஏற்றி, கொஞ்ச நேரம் அப்படியே நிறுத்தி, பிறகு விட்டுவிடுவார். அவை தாங்கிவிட்டால் அந்த ஷிப்டின் சரக்கு முழுவதும் லாரி ஏறும். தாங்கிய உத்திரங்கள் மட்டும் ஏறாது. அவற்றின் முத்திரைமேல் சிவப்புச் சாயம் அடித்து, நடுவில் அறுத்து, கொட்டகைக்கு வெளியே எறிந்துவிடுவார். தேர்வில் ஜெயித்தவனைக் கொன்றுவிட்டுத் தேர்வே எழுதாதவனுக்கு வேலை கொடுப்பதுபோல் இருக்கிறதே என்று புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் கேட்பார்கள். நானும் கேட்டேன். ஒப்புதலில் அப்படித்தான் இருக்கிறது என்றார் டெல்மர். ஒப்புதலில் அப்படி எழுதவைத்தவர் அவரேதான் என்பதை வேறு யாரோதான் சொன்னார்கள்.

மில் இந்த உத்திரத்தைச் செய்யத் தொடங்கிய காலத்தில் எந்த மாவட்டமும் அதை வீட்டுக்குள் விடவில்லை. கட்டட விதிகளின்படி இந்தச் சரக்கு ஆகும் என்று ஒப்புதல் நிறுவனம் ஒன்று சொன்னால்தான் விடுவார்கள். அங்கிருந்து ஒரு மனிதர் வந்தார். மில்லில் ஒரு காபிகூடக் குடிக்கக் கூடாது என்று வீட்டிலிருந்தே சுடுநீர்க் குடுவை கொண்டுவந்த ஆள். உத்திரங்கள் உடைவதை நாள் முழுக்க முகம் மாறாமல் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசி நாளில் ஒரே ஒரு கேள்வி கேட்டார். உடைவதைப் பார்த்துவிட்டேன், உடையாததை என்ன செய்கிறீர்கள்?

அதை யாரும் யோசித்திருக்கவில்லை. விற்கிறோம் என்று சொல்ல மேலாளர் வாயைத் திறந்தபோது, அன்று வெறும் உதவியாளராக இருந்த டெல்மர் முந்திக்கொண்டார்.

"அறுத்துருவோம் சார். அடிபட்ட மரம் அத மறக்காது."

அதுவரை அசையாமல் இருந்த பேனா அசைந்தது. ஒப்புதல் வந்தது. கூடவே அந்த வாக்கியமும் அதன் வால்மாதிரி வந்தது, அதிகாரிகளின் மொழியில்: சுமையேற்றிச் சோதித்த எந்த உத்திரமும் கட்டடத்தில் பயன்படக் கூடாது. மரம் நினைவு வைத்திருக்கிறது என்று யாரும் நிரூபித்ததில்லை. இல்லை என்று மறுத்தவரும் இல்லை. அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் ஒப்புதலே கிடைத்தது என்று மேலாளர் நம்பினார், டெல்மரிடம் கொட்டகையை ஒப்படைத்தார். அன்றிலிருந்து ஒவ்வொரு ஷிப்டிலும் நல்ல உத்திரங்கள் இரண்டாகின, ஊர்க் கோழிகள் சுகப்பட்டன.

இப்படி நாடு முழுவதும் பிறர் வீட்டுத் தரைகளுக்கு உறுதி சொன்ன மனிதர் வாழ்ந்தது லாரியில் இழுத்து வந்து நிறுத்திய ஒரு டிரெய்லர் வீட்டில். ஓடைக்கு மேலே, மேட்டில், அவர்கள் நிலத்தில் அது நின்றது. பக்கத்தில் நிஜமான வீடு வரும் என்பது ஏற்பாடு. அவர் மனைவி நோரீன் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர். குறைவாகப் பேசுவார், பேசியதைத் திருப்பிச் சொல்ல மாட்டார். கல்யாணமான முதல் கோடையில் டெல்மர் வீட்டுக்கு எல்லை குறிக்கும் குச்சிகளை நட்டார். அதன் பிறகு வந்த ஒவ்வொரு கோடைக்கும் அவரிடம் ஒரு காரணம் இருந்தது. டிரெய்லரின் குளியலறை வாசலில் தரை ஊறிப்போய், மிதித்தால் ரொட்டிபோல் அமுங்கியது. அங்கே ஒரு பாதி உத்திரத்தை முட்டுக்கொடுத்திருந்தார்.

கடந்த ஆகஸ்டில் ஒருநாள் இரவுச் சாப்பாட்டின்போது நோரீன் முள்கரண்டியைக் கீழே வைத்தார். அவர் சொன்னதை டெல்மரே மறுநாள் கொட்டகையில் என்னிடம் சொன்னார், தீர்ப்பை வாசிக்கிற குரலில்.

"மழை ஆரம்பிக்கும்போது என் காலுக்குக் கீழ ஒரு தர இருக்கணும், டெல். இல்லன்னா நான் டூசான்ல எங்க அக்கா வீட்டுக்குப் போறேன். கோவிச்சுக்கிட்டுப் போறேன்னு நெனைக்காத. காயப் போறேன்."

எங்கள் பக்கத்தில் மழை அக்டோபரில் வந்தால் மே வரைக்கும் போகாது. டூசான் பாலைவன ஊர், அங்கே மழை என்பது செய்தித்தாளில் வரும் விஷயம். அங்கே போய்க் காய்ந்தவர்கள் திரும்பி வந்ததாக ஊரில் யாருக்கும் ஞாபகம் இல்லை. டெல்மருக்கு அது தெரியும். மறுவாரமே அடித்தளத்துக்குக் காங்கிரீட் ஊற்றினார்.

உத்திரங்களை மில்லிலேயே வாங்கினார், ஊழியர் விலையில், முறையாக, ஒவ்வொன்றிலும் முத்திரையோடு. அப்படியே வீட்டுக்கு எடுத்துப்போயிருந்தால் இதில் சொல்வதற்கு எதுவும் இருந்திருக்காது.

சிலவற்றை அழுத்திப் பார்த்தால் மற்றவை எப்படி இருக்கும் என்று தெரிந்துவிடும். இதை நம்பித்தான் மக்கள் தூங்குகிறார்கள். இதை டெல்மர் போலத் தெளிவாக விளக்க யாராலும் முடியாது. மில்லைப் பார்க்க வரும் ஒவ்வொரு வீடு கட்டுகிறவரிடமும் சொல்வார். ஒரு பானைச் சோற்றைப் பதம் பார்க்கிற கதைதான், அதைக் கணக்கோடு சொல்வார். கேட்டவர்கள் தலையாட்டிவிட்டு லாரி லாரியாக வாங்கிப் போவார்கள். சொந்த வீடு என்று வந்ததும் அவருக்கு மற்ற பருக்கைகளைப் பற்றிய யோசனை வந்துவிட்டது.

ஒரு சனிக்கிழமை என்னைக் கூப்பிட்டார். பொறியை ஓட்ட இரண்டு பேர் வேண்டும் என்பது மில் விதி. தன் உத்திரங்களை எல்லாம் கொட்டகைக்குள் கொண்டுவந்து அடுக்கியிருந்தார். சாம்பிள் எடுக்கப்போகிறாரா என்று கேட்டேன். எல்லாவற்றையும் என்றார். அவற்றின் ஷிப்டு ஏற்கெனவே தேறிவிட்டதே என்றேன்.

"ஷிப்டு தேறுச்சு," என்றார். "இது எதுவும் தேறல. இது கூட இருந்ததுங்கதான் தேறுச்சு."

மாலைவரை ஒவ்வொன்றாக அழுத்தினோம். பொறி காட்டிய எண்ணை நான் படித்தேன், அவர் பக்கத்தில் மண்டியிட்டு மரம் முனகுகிறதா என்று காது கொடுத்தார். எல்லாம் தாங்கின. தாங்கிய ஒவ்வொன்றையும் இறக்கி, சுவரோரம் சாய்த்து, முத்திரைமேல் சாயம் அடித்தார். நான் அடுத்ததை ஏற்றினேன். கடைசி உத்திரமும் இறங்கியது. டெல்மர் மோட்டார் ரம்பத்தை எடுத்துக் கயிற்றை இழுத்தார். அது உறுமத் தொடங்கிய பிறகுதான் அவர் கை நின்றது.

ரம்பத்தை அணைத்தார். இருவரும் சுவரைப் பார்த்தோம். அத்தனை உத்திரத்திலும் சிவப்பு இன்னும் ஈரமாக இருந்தது. இவ்வளவு வருஷமாக அழுத்தினால் சாயம், சாயம் அடித்தால் ரம்பம் என்று பழகிய கை. யாருடைய உத்திரம் என்று அது கேட்கவில்லை. பார்த்துக்கொண்டு நின்ற எனக்கும் உறைக்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து, சாயம் சுமையைத் தாங்குவதும் இல்லை, கெடுப்பதும் இல்லை என்றார். திங்கட்கிழமை மாலையிலிருந்து அவற்றை அடித்தளத்தின்மேல் வரிசையாக ஏற்றி வைத்தார். மேல்பலகை மட்டும் போடவில்லை. உத்திரங்களை மாவட்டக் கட்டட ஆய்வாளர் கண்ணால் பார்த்த பிறகுதான் மூடலாம்.

ஆய்வாளர் லோர்னா ப்ரூவிட் முன்பு ஷெரிப் அலுவலகத்தில் தொலைபேசி எடுத்துக்கொண்டிருந்தவர். மரத்தைப் பற்றி எதுவும் தெரியாது என்று அவரே சொல்வார். அதனால்தான் யாரும் தன்னை ஏமாற்ற முடியவில்லை என்றும் சொல்வார். முத்திரையைப் பார்ப்பார், இருந்தால் சரி, இல்லையென்றால் இல்லை. ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு மேட்டில் ஏறி வந்தார். அன்று டெல்மர் என்னையும் வரச்சொல்லியிருந்தார், தேவைப்பட்டால் சாட்சி சொல்ல. லோர்னா டார்ச்சை அடித்தபடி முதல் வரிசையைப் பார்த்தார், இரண்டாம் வரிசையைப் பார்த்தார், டார்ச்சை அணைத்தார்.

"டெல்மர், இதென்ன செவப்பு?"

"சாயம்."

"சாயம்னு எனக்கும் தெரியுது. நீதான எங்க ஆபீசுக்கு வந்து பாடம் எடுத்த? எந்த வீட்டுலயாவது செவப்பு அடிச்ச உத்திரத்தப் பாத்தா வேலைய நிறுத்துங்க, எவனோ எங்க மில்லுலருந்து தூக்கிட்டு வந்திருக்கான்னு. டோனட் வேற வாங்கிட்டு வந்த."

"அது திருட்டு மரத்துக்கு. இது நான் காசு குடுத்து வாங்குனது. லோர்னா, இந்த மாநிலத்துலயே உறுதியான உத்திரம் இதுதான். ஒண்ணு விடாம நானே அழுத்திப் பாத்திருக்கேன். வேணும்னா இந்தப் பொண்ணக் கேளு."

லோர்னா என்னைக் கேட்கவில்லை. "அழுத்திப் பாத்தியா?" என்றார் அவரிடம்.

"எல்லாத்தையும்."

"அட கடவுளே. அழுத்திப் பாத்தத வீட்டுல போடக் கூடாதுன்னு ஒப்புதல்லயே இருக்கே. நீ வாயத் தொறக்காம இருந்திருந்தா, சாயத்தத் தொடச்சு முத்திரையக் காட்டுன்னு சொல்லிட்டுப் போயிருப்பேன்."

டெல்மர் லோர்னாவின் பூட்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றார். லோர்னா ஆரஞ்சு நிற அட்டை ஒன்றை எடுத்து வாசலுக்கான கம்பத்தில் அறைந்தார். வேலை நிறுத்தம். இறங்கிப் போகும்போது, நோரீனிடம் நானே சொல்லட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றார் டெல்மர். டிரெய்லர் படியில் உட்கார்ந்திருந்த நோரீன் அட்டையின் நிறத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

செப்டம்பர் பாதி போயிருந்தது. மேப்பிள் இலைகள் ஓரத்தில் பழுக்கத் தொடங்கியிருந்தன.

எங்கள் மில்லில் காலெப் என்று ஓர் இளம் பொறியாளர் உண்டு, உரிமம் பெற்றவர், நல்லவர். உத்திரம் பாதுகாப்பானது என்று அவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் லோர்னா ஏற்றுக்கொள்ளலாம். டெல்மர் அவரிடம் போனார். காலெப் கணக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, உத்திரங்கள் தாராளமாகப் போதும் என்றார். ஆனால் சோதித்த உத்திரத்துக்கு என்ன மதிப்பு என்று எந்த அட்டவணையிலும் இல்லையே.

"நீங்க அழுத்திப் பாக்கலன்னு வெச்சுக்கிட்டா இப்பவே எழுதித் தர்றேன்," என்றார் காலெப்.

"பாத்ததப் பாக்கலன்னு சொல்லணுமா?"

"சொல்ல வேணாம். நான் கேக்கல, நீங்க சொல்லல."

டெல்மர் மறுத்துவிட்டார். அவர் உத்தமர் என்பதற்காக அல்ல என்று நினைக்கிறேன். தன் வாழ்நாளிலேயே மிக நல்ல சோதனையை நடக்கவில்லை என்று எழுதவிட அவருக்கு மனம் வரவில்லை.

காலை உணவுக்கடையில் பேச்சு ஓடத் தொடங்கியது. காபி ஊற்றும் ரோண்டா, டெல்மர் உள்ளே வந்ததும் நாற்காலியை இழுத்துப்போட்டு, இது அழுத்திப் பாக்காத நாற்காலி, பாத்து உக்காரு என்றார். இவ்வளவு கஷ்டப்படுவதற்கு ஒரு பெரிய கோழிக்கூடு கட்டிக் குடியேறலாமே, அதற்கு ஆய்வாளர் தேவையில்லையே என்று இன்னொருவர் யோசனை சொன்னார். டெல்மர் முட்டையைச் சாப்பிட்டு முடித்து, அதையும் யோசித்ததாகவும், நோரீன் ஒப்புக்கொள்ளவில்லை என்றும் பதில் சொன்னார். சிரிக்காமல் சொன்னதால் அது உண்மையா என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

பிறகு அவர் நேராக ஒப்புதல் நிறுவனத்துக்கே போன் செய்தார். அந்த நிபந்தனையை எடுக்க முடியுமா என்று கேட்டார். எதிர்முனையில் ஒரு பெண் மிக மரியாதையாகப் பேசினார். தாராளமாக எடுக்கலாம். நிபந்தனை எதுவும் கல்வெட்டு இல்லை. ஒருமுறை சுமையேற்றிய உத்திரங்களை எங்கள் ஆள் முன்னிலையில் உடைத்து, சுமையேற்றாதவை அளவுக்கே தாங்கின என்று காட்டினால் போதும்.

"உடைக்கணுமா?" என்றார் டெல்மர்.

எவ்வளவு தாங்கும் என்று வேறு எப்படித் தெரியும் என்று அந்தப் பெண் கேட்டார். அந்தக் கேள்வியை டெல்மரே எத்தனையோ பேரிடம் கேட்டிருக்கிறார்.

சுமையேற்றிய முழு உத்திரங்கள் உலகத்திலேயே ஒரு இடத்தில்தான் இருந்தன. மற்றவை எல்லாம் பாதி பாதியாகக் கோழிகளைத் தாங்கிக்கொண்டிருந்தன. புதிதாக அழுத்திக் கொடுக்க மில் மேலாளர் ஒப்பவில்லை. உன் வாய் கொடுத்த நிபந்தனை, உன் உத்திரத்தை வைத்தே எடு என்றார். நிபந்தனை போனால் மில்லுக்கு நல்லதுதான், அதனால் பொறியையும் நேரத்தையும் கொடுத்தார்.

நான் டெல்மரிடம் ஒரு தடவை கேட்டேன். எல்லாம் நன்றாகத் தாங்கிவிட்டால் தரைக்கு என்ன செய்வது என்று.

"தாங்கிட்டா, அது நல்ல தரன்னு ஆயிடும்ல," என்றார்.

"அப்ப தர இருக்காதே, டெல்மர்."

"இருக்காது," என்றார். "ஆனா நல்ல தர."

அக்டோபர் முதல் சனிக்கிழமை அவர் தன் வீட்டுத் தரையைக் கழற்றினார். மில் ஆட்கள் சிலர் உதவிக்கு வந்தார்கள். பீர் கிடைக்கும் என்று வந்தவர்கள்தான் பாதி. உத்திரங்கள் ஒவ்வொன்றாக மேட்டிலிருந்து இறங்கி லாரியில் ஏறின. நோரீன் பேருந்துச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு படியில் நின்று பார்த்தார். பக்கத்தில் நின்ற என்னிடமா, தனக்குத்தானா தெரியவில்லை, சொன்னார்:

"மத்தவ புருஷன்லாம் குடிச்சுட்டு வீட்ட ஒடைக்கிறான். எனக்கு வாச்சவன் தெளிவா இருக்கும்போது ஒடைக்கிறான்."

லாரி கிளம்பியதும் உள்ளே போனார். அவர் பெட்டி கட்டப் போகிறார் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். டெல்மரும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். லாரியின் முன்னிருக்கையிலிருந்து ஒரு தடவை திரும்பிப் பார்த்தார், பிறகு பின்னால் கட்டியிருந்த உத்திரங்கள் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்தார்.

ஒப்புதல் நிறுவனத்தின் ஆள் வந்தார். இந்தமுறை வந்தவர் காபி குடித்தார், இரண்டாவது கோப்பையும் கேட்டார். உடைக்கும் வேலை மெதுவாக நடந்தது. ஒவ்வொன்றையும் ஏற்றி, அளந்து, முறிகிறவரை அமுக்க வேண்டும். முறியும்போது துப்பாக்கி வெடிப்பதுபோல் சத்தம் வரும். அது வரும் ஒவ்வொரு தடவையும் டெல்மரின் முகத்தில் ஒரு திருப்தி தெரிந்தது, எண்ணைப் பார்ப்பதற்கு முன்பே. எல்லாம் வேண்டிய அளவைத் தாண்டி எங்கேயோ போய்த்தான் முறிந்தன. ஒன்று மட்டும் கொஞ்சம் முன்னால் போனது, அதன் சட்டத்தில் ஒரு முடிச்சு இருந்தது. முன்பு அழுத்தியதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று வந்தவரே சொன்னார். மரம் எதையும் ஞாபகம் வைத்திருக்கவில்லை.

அதாவது, டெல்மர் தன் வாழ்க்கையில் சொன்ன ஒரே புகழ்பெற்ற வாக்கியத்தைத் தானே பொய்யென்று நிரூபித்தார். அதில் அவருக்கு வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. கொட்டகை வாசலில் அவருடைய தரை விறகுக் குவியலாகக் கிடக்க, வந்தவரின் கையைக் குலுக்கினார்.

நோரீன் பெட்டி கட்டவில்லை. காலைப் பள்ளி நடையை முடித்துவிட்டு, காலிப் பேருந்தைப் பணிமனையில் விட்டுவிட்டு, தன் வண்டியை எடுத்துக்கொண்டு மாவட்டத் தலைநகரில் இருக்கும் மரக்கடைக்குப் போயிருந்தார். எங்கள் சரக்கு அந்தக் கடையில் கிடைக்காது. ஆற்றுக்கு அந்தப் பக்கத்து மில்லின் சரக்குதான் அங்கே. எங்கள் போட்டி மில் அது. அதன் பெயரைக் கொட்டகைக்குள் சொன்னால் டெல்மர் கதவைத் திறந்து வைப்பார், காற்று வரட்டும் என்று. நோரீன் அடித்தளத்தின் நீளத்தையும் அகலத்தையும் கடைக்காரரிடம் சொன்னார். வேறு எதுவும் கேட்கவில்லை. சகோதரர்களான இரண்டு தச்சர்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். டெல்மர் மில்லில் பழைய தரையை உடைத்துக்கொண்டிருந்த நாட்களில், விடிந்து அவர் வேலைக்குப் போன பிறகு அவர்கள் வந்து, அவர் திரும்புவதற்கு முன் போனார்கள். செய்த வேலைமேல் தார்ப்பாய் மூடியிருந்தது. தார்ப்பாயை மழைக்காகப் போட்டதாக நோரீன் சொன்னார், டெல்மர் தூக்கிப் பார்க்கவில்லை. கீழே ஒன்றும் இல்லை என்று அவருக்குத்தான் தெரியுமே.

கடைசி நாள் லோர்னா வந்தார். டார்ச்சை அடித்தார். முத்திரை, முத்திரை, முத்திரை. ஆரஞ்சு அட்டையைக் கிழித்துப் பச்சையை அறைந்தார். இதை லோர்னாவே எனக்குச் சொன்னார்:

"டெல்மருக்குத் தெரியுமான்னு நோரீனக் கேட்டேன். தெரிஞ்சிரும்னு சொன்னா. எப்பன்னு கேட்டேன். சாயங்காலம்னு சொன்னா."

அன்று மாலை நான் டெல்மரோடுதான் மேட்டுக்குப் போனேன். முடிவை நோரீனிடம் சொல்லும்போது எண்களில் தவறு வந்தால் திருத்துவதற்கு என்னைக் கூட்டிவந்திருந்தார். வானம் ஈயம்போல் இருந்தது. தார்ப்பாய் இல்லை. அடித்தளத்தின்மேல் ஒரு தரை விரிந்திருந்தது, மேல்பலகையெல்லாம் அறைந்து. அதன் நடுவில் ஒரு மடக்கு நாற்காலி, நாற்காலியில் நோரீன், கையில் காபிக் கோப்பை.

"எல்லாம் தாங்கிருச்சு," என்றார் டெல்மர், நின்ற இடத்திலிருந்தே.

"சந்தோஷம்," என்றார் நோரீன்.

டெல்மர் என் கையிலிருந்த டார்ச்சை வாங்கிக்கொண்டு அடித்தளத்தின் பக்கவாட்டுத் திறப்பு வழியாகத் தரைக்குக் கீழே தவழ்ந்து போனார். பலகை இடுக்குகளில் வெளிச்சம் நகர்வது தெரிந்தது. ஒரு முத்திரையில் நின்றது. அடுத்ததற்குப் போனது. அந்தப் பெயரைப் படித்திருப்பார். வெகுநேரம் வெளியே வரவில்லை. நோரீன் காபியைக் குடித்து முடித்தார்.

"நோரீன்," என்று கீழேயிருந்து குரல் வந்தது. "இத ஒருத்தனும் அழுத்திப் பாக்கல."

"நான் உக்காந்திருக்கேன்ல."

"அது சோதன ஆகாது."

"எனக்கு ஆகும். மேல வா, டெல். மழை வருது."

வந்தது. முதல் துளிகள் பலகையில் விழும் சத்தம் அவருக்கு உள்ளேயிருந்து எப்படிக் கேட்டிருக்கும் என்று தெரியவில்லை. சட்டையெல்லாம் மண்ணாக வெளியே வந்தார், படியேறாமல் நின்றார். நான் விடைபெற்றுக்கொண்டு கிளம்பிவிட்டேன். என் வண்டியின் கண்ணாடியில் கடைசியாகப் பார்த்தபோது அவர் ஒரு காலை மட்டும் தரைமேல் வைத்திருந்தார்.

டூசானுக்குப் பெட்டி போகவில்லை. அந்த மழைக்குள்ளேயே சுவரும் கூரையும் எழுந்தன. நோரீனுக்கு மழை இனி ஜன்னலுக்கு வெளியே நடக்கும் விஷயம்.

ஒப்புதல் திருத்தி வந்தது. நிபந்தனை போய்விட்டது. இப்போது அழுத்திப் பார்த்த உத்திரங்களும் மற்றவற்றோடு சேர்ந்து லாரி ஏறுகின்றன. எங்கோ யாரோ ஒருவர், டெல்மர் ஆசைப்பட்ட அதே தரைமேல், அது தெரியாமலே தூங்குவார். ஊர் அவர்மேல் கோபமாக இருக்கிறது. இலவச மரம் நின்றுபோனதற்கு அவர்தானே காரணம். ரோண்டா ஒரு வாரம் அவருக்குக் காபியைப் பாதிக் கோப்பைதான் ஊற்றினார்.

புது வீட்டில் டெல்மர் சுவர் ஓரமாகவே நடக்கிறார். உத்திரத்தின் முனைகள் சுவர்மேல் உட்கார்ந்திருக்கும், அங்கே பயமில்லை, வளைவதெல்லாம் நடுவில்தான். சமையலறையிலிருந்து படுக்கையறைக்கு நேராகப் போக மாட்டார், அறையைச் சுற்றித்தான் போவார். நோரீன் சாப்பாட்டு மேசையை அறையின் நட்டநடுவில் போட்டுவிட்டார்.

நவம்பரில் நன்றிகூறல் நாள் விருந்துக்கு எங்களை எல்லாம் கூப்பிட்டார்கள். லோர்னா பூசணி இனிப்பு கொண்டுவந்தார், காலெப் தன் மனைவியையும் அவள் அம்மாவையும் கூட்டிவந்தார், தச்சர்கள் இருவரும் வந்தார்கள், இரண்டு பேருமே பெரிய உருவம். எல்லோரும் மேசையைச் சுற்றி நாற்காலிகளை இழுத்துப் போட்டோம். டெல்மர் சுவரோரம் நின்றுகொண்டு உட்காருகிறவர்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டிருந்தார். எடையைக் கூட்டிப் பார்ப்பதுபோல் உதடு அசைந்தது. நோரீன் அடுப்பிலிருந்து வான்கோழியை எடுத்து, இரண்டு கையாலும் தட்டைப் பிடித்தபடி வந்து, அவர் நாற்காலியைக் காலால் வெளியே இழுத்தார். அவர் வந்து உட்கார்ந்தார், கதவு சாத்துவதுபோல மெதுவாக.

நோரீன் கையிலிருந்த தட்டைப் பார்த்து அவர் கேட்டார்:

"இது எத்தன பவுண்டு?"

எங்கள் எல்லோருக்கும் அது பசியில் வந்த கேள்வி இல்லை என்று தெரியும். நோரீன் வான்கோழியை அவருக்கு நேர் எதிரே, மேசையின் மத்தியில் இறக்கி வைத்தார்.

"அறு, டெல்," என்றார். "ஆறிடப் போகுது."